நினைவுப் பயிற்சி: பலன் எதில், எவ்வளவு?

முதுமையின் மறதியைப் பயிற்சியால் விரட்டலாம் என்பவர்கள் பெரும்பாலும் கைகாட்டுவது அமெரிக்காவின் ‘ஆக்டிவ்’ ஆய்வை. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நினைவுப் பயிற்சி, அடுத்ததற்குத் தருக்கம், மூன்றாவதற்குப் பார்த்ததைச் சட்டென்று பிடிக்கும் வேகம். நான்காவதற்கு எதுவும் இல்லை. 2002-இல் வந்த முடிவு: எதைப் பழகினார்களோ அதில் மட்டும் தேறினார்கள். சொற்பட்டியலை மனத்தில் நிறுத்தப் பழகியவருக்குத் தருக்கம் கூடவில்லை. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது மற்ற இரண்டின் பலன் எஞ்சியிருக்க, நினைவுப் பயிற்சியின் பலன்தான் கரைந்திருந்தது. அன்றாட வேலை சுலபமாக இருப்பதாகப் பயின்ற மூன்று குழுவினரும் சொன்னார்கள். செய்து காட்டும் சோதனைகளில் அது தெரியவில்லை. 2017-இல் வேகப் பயிற்சி பெற்றவர்களிடம் மறதிநோய் 29 சதவீதம் குறைவு என்றார்கள். அந்தப் பெருமையும் நினைவுப் பயிற்சிக்கு உரியதல்ல.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. அந்த ஆய்வுக்கு வந்தவர்கள் சராசரியாக 13 ஆண்டுகளுக்கு மேல் படித்தவர்கள். பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கம், பட்டறையிலிருந்து பிரித்த சின்ன வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருக்கும் எழுபது வயது அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவராக இருக்கலாம். சோதனையில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் திணறுவார். யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்பதில் பிசகமாட்டார். படித்தவர்களிடம் சோதித்த பயிற்சியை அப்படியே தூக்கிவந்து அவருக்குப் பலன் தரும் என்று எப்படி உறுதி சொல்வது?

மறதியைத் தடுக்கும் வேறு வழிகளுக்கு ஆதாரம் இதைவிடத் திடமாக இருக்கிறது. இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 120-க்குக் கீழே வைத்தால் இலேசான அறிவுத்திறன் குறைவு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. முழு மறதிநோயில் அந்த உறுதி கிடைக்கவில்லை. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் பட்டியலிட்ட, மறதிநோய்க்கு வழிவகுக்கும் 14 காரணிகளில் பள்ளிப் படிப்பின்மை, செவிக்குறை, பார்வைக்குறை, தனிமை எல்லாம் உண்டு. காதில் விழாத பேச்சை ‘மறந்துட்டாங்க’ என்று வீட்டார் சொல்வது எத்தனை பெரிய அநியாயம்!

ஆகவே என் தீர்ப்பு: பெரியவர்கள் கூடி உட்கார ஒரு சாக்காக நினைவுப் பயிற்சி நல்லது, மறதிநோயைத் தடுக்கும் என்று அதை விற்பது தவறு. இரத்த அழுத்த மாத்திரையை 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. பக்கத்து மாவட்டமான அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுமுன் அம்மாவின் காதையும் கண்ணையும் அழுத்தத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.