ரீயா புனித மரியாள் ஆலயம்: ஒரு மதிப்பீடு
இங்கிலாந்தின் கார்லைல் நகருக்குத் தெற்கே உள்ள ரீயா என்னும் சிற்றூரின் பங்கு ஆலயம் 1842 டிசம்பரில் அர்ப்பணிக்கப்பட்டது. இதை வடிவமைத்த சாரா லோஷ் (இறப்பு 1853) முறையான கட்டடக்கலைப் பயிற்சி பெறாதவர். சிதைந்துபோன பழைய சிற்றாலயத்துக்குப் பதிலாகப் புதிய இடமும் கட்டுமானச் செலவும் தருவதாக அவர் முன்வந்தார். கட்டும் முறையில் எவரும் தலையிடக் கூடாது என்பதே அவரது நிபந்தனை.

விக்டோரியா காலக் கிராம ஆலயம் என்றதும் கூர்வளைவுச் சன்னல்கள் கொண்ட கோதிக் கட்டடமே நினைவுக்கு வரும். கோதிக்கே கிறித்தவத்துக்கு உரிய பாணி என அக்காலத்தில் பியூஜின் வாதிட்டார். 1839இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கமும் அதையே வலியுறுத்தியது. லோஷ் அவ்வழியில் செல்லவில்லை. கோதிக்குக்கு முந்திய, இத்தாலிய லொம்பார்டி ஆலயங்களை ஒத்த அரைவட்ட வளைவுகளைத் தேர்ந்தார். நீள்சதுர மண்டபத்தின் ஒரு முனையில், தூண்கள் சூழ்ந்த அரைவட்டப் பீடப்பகுதி அமைந்துள்ளது. திட்டம் எளிது, கட்டடமும் ஊரின் அளவுக்கு ஏற்றது.

இதன் தனித்தன்மை சிற்பங்களில் உள்ளது. பைன் கூம்பு, கோதுமைக் கதிர், வண்டு, வண்ணத்துப்பூச்சி, தொல்லுயிர்ப் புதைபடிவம் ஆகியவை கல்லில் இடம்பெறுகின்றன. உள்ளூர்க் கொத்தர் வில்லியம் ஹிண்ட்சன் சிற்பவேலை செய்தார். திருமுழுக்குத் தொட்டியைச் செதுக்குவதில் லோஷும் பங்கேற்றார்.

1835இல் இறந்த தங்கை கேத்தரினின் நினைவு இக்கட்டடத்தின் பின்னணியில் உள்ளது. ஆகவே இது பொது வழிபாட்டு இடமா, தனிமனிதத் துயரின் நினைவுச்சின்னமா என்ற கேள்வி எழுகிறது. அதில் நியாயம் உண்டு. சிறிய மண்டபத்தில் குறியீடுகள் நெருக்கமாகக் குவிந்துள்ளன. சிலவற்றின் பொருள் விளக்கமின்றிப் புலப்படாது. எனினும் கதிரும் வண்டும் உழவர் அன்றாடம் காண்பவை. விதை முளைப்பதும் புழு சிறகு பெறுவதும் உயிர்த்தெழுதலை நினைவூட்டுபவை. அவற்றை உணரப் படிப்பு தேவையில்லை. லோஷ் தம் இழப்பை ஊரார் அறிந்த உருவங்களில் சொன்னதால், அது அவருக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை.

1869இல் இவ்வாலயத்தைக் கண்ட ஓவியக் கவிஞர் ரோசெட்டி இதைப் பாராட்டினார். ஆயினும் கோதிக் அலை தொடர்ந்தது, இம்முறை பரவவில்லை. விக்டோரியா கால ஆலயக்கலையைக் கோதிக் என்ற ஒரே சொல்லில் அடக்குவது பிழை என்பதற்கு ரீயா ஆலயம் தெளிவான சான்று.