பாலைத் திணையும் தேயிலை மலையும்

பொருள் தேடிப் பிரிதல் தமிழிலக்கியத்திற்குப் புதியதொரு பாடுபொருளன்று. பிரிவைப் பாலைத் திணையின் உரிப்பொருளாக வகுத்த தொல்காப்பியம், ஓதல், பகை, தூது ஆகியவற்றோடு பொருளீட்டலையும் பிரிவிற்குரிய காரணமாகக் கொண்டது. சங்கப் புலவர்கள் இப்பிரிவை நூற்றுக்கணக்கான பாடல்களில் விரித்துரைத்தனர். அப்பாடல்களில் தலைவன் செல்லும் வழி கொடியது, நீரற்றது, ஆறலைப்போர் நிறைந்தது. ஆயினும், குறித்த பருவத்தில் அவன் மீள்வான் என்னும் நம்பிக்கையே தலைவியை உயிரோடு வைத்திருக்கிறது. கடல் கடந்து செல்வோர் மகளிரை உடனழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்றும் தொல்காப்பியம் உரைக்கின்றது. எனவே பிரிந்தவனுக்குத் திரும்பிவர ஒரு வீடும், காத்திருக்க ஒருத்தியும் உண்டு. பழைய பிரிவிலக்கியம் இவ்விரு தூண்களின்மேல் நிற்கிறது எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய தோட்டக் குடிபெயர்வு இவ்விரு தூண்களையும் சாய்த்துவிட்டது. கங்காணி குடும்பங்களையும் திரட்டிக் கப்பலேற்றினான்; பெண்ணும் கடல் கடந்தாள். அவளுடைய கைகளை நம்பியே தேயிலைத் தொழில் வளர்ந்தது. மீட்சியோ முன்பணக் கணக்கில் சிக்குண்டது. இந்த இருவகை மாற்றத்தையும் ஒரு படைப்பு எவ்வளவு தெளிவாகக் கண்டுள்ளது என்பதே குடிபெயர்வுப் புனைவுகளை மதிப்பிடும் அளவுகோலாதல் வேண்டும். அயலகத் துயரத்தைப் பாடியது என்பதற்காக மட்டும் ஒரு நூலைச் சிறந்ததெனக் கொள்ளுதல் திறனாய்வாகாது.

இவ்வளவுகோலுக்கு முதலில் ஈடுகொடுப்பது, புதுமைப்பித்தன் 1935-இல் எழுதிய 'துன்பக்கேணி'. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் மருதியின் கதை அது. இங்கே காத்திருக்கும் தலைவியைக் காண்பதற்கில்லை. பிரிந்து செல்பவளே பெண். பாலைத் திணையின் மரபு இந்த ஒரு மாற்றத்திலேயே தலைகீழாகிவிடுகிறது. ஆசிரியர் அதனை உரத்துச் சொல்லாமல் கதையின் போக்கிலேயே உணர்த்துவது அவருடைய ஆற்றலுக்குச் சான்று.

இரண்டாவதாகக் கருதத்தக்கது 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவலின் தமிழாக்கம் இது, மொழிபெயர்த்தவர் இரா. முருகவேள். கருப்பனும் வள்ளியும் கடல் கடந்தவர்களல்லர். தம் நாட்டு மலைக்கே சென்றவர்கள். ஆயினும் அவர்களாலும் திரும்ப இயலவில்லை. முன்பணமும் பிடித்தங்களும் அவர்கள் உழைப்பை விழுங்க, ஊர் திரும்பும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. பாத்திரங்களின் அகவுலகைவிடத் தோட்டத்தின் நடைமுறையே இந்நாவலில் மேலோங்கி நிற்பது புனைவு என்னும் வகையில் ஒரு குறையே. எனினும், மனிதனை மலையில் கட்டிப்போடுவது கடலின் தொலைவன்று, கணக்கேடே என்னும் உண்மையை இந்நூல் ஐயத்திற்கிடமின்றி நிறுவுகிறது.

மலேசியத் தமிழ்ப் புனைவுலகிற்கு வருவோம். இங்கு தோட்டம் என்றவுடன் ரப்பர்த் தோட்டமே நினைவிற்கு வருகிறது. தமிழகத்திலிருந்து வந்து சென்ற அகிலன் 1970-களில் இந்நாட்டு வாழ்வைப் பொருளாக்கியபோதும், நூலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயரிட்டார். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', ஜப்பானியர் காலத்தில் தோட்ட மக்கள் மீண்டும் ஒருமுறை பெயர்த்தெடுக்கப்பட்ட கொடுமையை ஆவணமாகவே நிலைநிறுத்தியது. இவற்றின் பயனை எவரும் மறுக்க இயலாது.

எனினும், இத்துறையில் எழுந்த கதைகள் பலவற்றில் ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வருகின்றது: கங்காணியின் பொய், கப்பல் பயணம், பினாங்குத் துறைமுகம், காய்ச்சல், கண்ணீர். தொழிலாளியின் துயரம் எழுதப்படும் அளவிற்கு அவனது தொழில் எழுதப்படுவதில்லை. பால் வெட்டுபவனின் கத்தி சற்று ஆழமாக இறங்கினாலும் மரத்தின் பட்டை கெட்டுவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பறிப்பவளின் கண்ணும் விரலும் ஒரே கணத்தில் முடிவெடுக்கின்றன. இத்தேர்ச்சி தலைமுறைகளின் உடைமை. அதனை எழுதாமல் விடும் படைப்பு, அம்மக்களை இரக்கத்திற்குரியவர்களாகக் காட்டுமேயன்றி, ஒரு நாட்டை உருவாக்கியவர்களாகக் காட்டுவதில்லை.

கேமரன் மலையின் ரிங்லெட் வட்டாரம் இங்கே சிறப்பாக எண்ணத்தக்கது. ஜே. ஏ. ரசல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்ட உழைப்பில் தமிழர்க்குப் பெரும்பங்குண்டு. 1938-இல் இந்திய அரசு, மலாயாவிற்கு உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் வருகையைத் தடைசெய்தது. கங்காணி முறையில் இம்மலைக்கு ஆள் வரக்கூடிய காலம் ஒன்பதே ஆண்டுகளில் முடிந்துபோயிற்று. அடுத்து வந்தது போர். ஊருக்குத் திரும்பலாம் என்றிருந்தவர்களின் எண்ணம் இவற்றிற்கிடையே என்னவாயிற்று என்பது ஒரு நாவலுக்குரிய வினா.

தேயிலை மலை பசுமையானது, பனி மூடியது, அருவி பாய்வது. இலக்கணப்படி அது குறிஞ்சி. ஆனால் அங்கு வாழ்ந்தோரின் உரிப்பொருள் பிரிவு. பாலைக்குத் தனி நிலமில்லை என்னும் பழைய கருத்திற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பசுமையைக் கண்டு மயங்கும் சுற்றுலா வருணனையும், பசுமையையே காணாத புலம்பலும் ஒருங்கே குறையுடையன. இரண்டையும் ஒருசேரக் காணும் எழுத்தே இம்மலைக்கு உண்மையானது.

மீட்சி பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். 1964-இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, இலங்கை மலையகத்தினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என முடிவு செய்தது. மலேசியாவில் 1969-இல் குடியுரிமையற்றோர்க்கு வேலை உரிமம் கட்டாயமானபோது, தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். பழம்பாடலின் தலைவன் மீண்டபோது முல்லை பூத்தது. இவர்கள் மீண்டபோதோ, பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுப் பிரிந்தவரும் அவர்களுள் இருந்தனர். மீட்சியே இரண்டாம் பிரிவாகிய இவ்வரலாறு இன்னும் போதிய அளவில் புனைவாகவில்லை.

இன்று இம்மலையின் தமிழ் இளைஞர் பலர் கல்விக்கும் வேலைக்கும் நகரங்களுக்கு இறங்கிச் செல்கின்றனர். தோட்டங்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். அவர்களும் வீட்டாரை விட்டு வந்தவர்களே. முகவர்க்குக் கொடுத்த பணத்தைக் கடனாகச் சுமப்போரும் அவர்களுள் உண்டு. பாட்டன் பட்ட துயரத்தைப் பாடும் தமிழ்ப் படைப்பாளி, அதே சரிவில் நிற்கும் இவ்வயலாரைக் காணத் தவறுவானாயின், அவன் பாடியது மானுடத் துயரத்தையா, தன் குலத்தின் பெருமையையா என்னும் ஐயம் எழும்.

வகுப்பறையில் பாலைத் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர், அகநானூற்றுச் சுரத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை. தேயிலைச் சரிவில் உழைத்த பாட்டியிடம், 'ஊருக்குத் திரும்ப நினைத்ததுண்டா?' எனக் கேட்டுவருமாறு மாணவரைப் பணிக்கலாம். அவ்விடைகளை அவள் சொன்னவாறே எழுதிவைத்தால், எழுதப்படாத மலை நாவலுக்கு அதுவே முதல் அத்தியாயமாகும்.