மழைமேல் பழி

2020 ஆகஸ்டு 7 அன்று கோழிக்கோட்டில் தரையிறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. அதிலிருந்த 190 பேரில் விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். மழையில் வழுக்கியது என்று செய்திகள் கூறின. படித்தவர்களும் அதை ஏற்றுக்கொண்டனர்.

‘வழுக்கியது’ என்ற சொல் எதையும் விளக்குவதில்லை. 2021-இல் வெளியான விசாரணை அறிக்கையின் எண்களைப் பார்ப்போம். ஓடுபாதையின் நீளம் 2,700 மீட்டர். சக்கரம் தரையைத் தொட்டதோ ஏறத்தாழ 1,350 மீட்டரைக் கடந்த பின். பாதி ஓடுபாதை வீணாகிவிட்டது. அப்போது தரைவேகம் 165 நாட், அதாவது மணிக்குச் சுமார் 305 கிலோமீட்டர். பின்னாலிருந்து 14 நாட் காற்று வேறு தள்ளிக்கொண்டிருந்தது.

விமானத்தைத் தாங்குவது காற்றைப் பொறுத்த வேகம். நிறுத்தும்போது அழிக்க வேண்டியது தரையைப் பொறுத்த வேகம். இதே காற்று எதிரே வீசியிருந்தால் தரைவேகம் 137 நாட்டாக இருந்திருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். 165-ஐ 137-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 1.45 வருகிறது. எதிர்க்காற்றில் இறங்கியிருந்தால் இருக்கக்கூடியதைவிட 45 சதவிகிதம் கூடுதல் ஆற்றலைச் செலவிட்டாக வேண்டும். கிடைத்ததோ பாதித் தூரம், அதுவும் ஈரத்தரை. கணக்கில் மழை கடைசி வரியில்தான் வருகிறது! ஓடுபாதை முடிந்த இடத்திலும் 84 நாட்டுக்கு மேல் வேகம் மிச்சமிருந்தது. குன்றின் உச்சியைச் சமப்படுத்தி அமைத்த நிலையம் அது. விமானம் சுமார் 110 அடி பள்ளத்தில் விழுந்தது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அன்று முதல் முயற்சியை விமானி கைவிட்டு மேலெழுந்தார். அது சரியான செயல். இரண்டாம் முறை, மேலெழும்படி துணை விமானி சொல்லியும் விமானம் இறக்கப்பட்டது. நிர்வாக அமைப்பின் குறைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறது அறிக்கை. 2010 மே 22 அன்று மங்களூரிலும் துணை விமானியின் எச்சரிக்கை பலிக்கவில்லை. 158 பேர் மாண்டனர்.

ஆனால் முறைப்படி மேலெழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பத்திரமாக இறங்கும் விமானத்தைப் பற்றி எப்படி எழுதுகிறார்கள்? வானில் வட்டமடித்ததாம், பயணிகள் பீதியடைந்தனராம், அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினராம். அதிர்ஷ்டம் இதில் எங்கே வந்தது? விமானி தம் வேலையைச் செய்திருக்கிறார். அடம்பிடித்து இறக்கியவருக்குக் கைதட்டலும், விலகிப் போனவருக்குப் பரபரப்புத் தலைப்பும் கிடைத்தால், துணை விமானியின் சொல் எப்படி எடுபடும்? (அரைமணித் தாமதத்துக்குப் பணிப்பெண்ணிடம் சண்டைபிடிக்கும் பயணிக்கும் இதில் பங்குண்டு.)

விபத்து நடந்த அன்றே எல்லா எண்களும் கிடைக்கமாட்டா என்பது உண்மைதான். கோழிக்கோட்டு அறிக்கை வெளிவர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அறிக்கை வந்த பிறகாவது சக்கரம் எங்கே பட்டது, தரைவேகம் என்ன, காற்று எந்தப் பக்கம் வீசியது என்ற மூன்றையும் முதல் பக்கத்தில் போடலாமே.