அக்காவைக் கூப்பிடுங்கள்

எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் பாதிதான் எனக்குத் தெரியும். மீதிப் பாதி நடந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவில் இருந்தேன். ஆயா வந்து கதவோரம் நிற்பார். "மிஸ், இந்தப் பாப்பாவோட தம்பி மறுபடியும் கத்துறானாம். ஹெச்.எம். அனுப்பச் சொன்னாங்க." காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் சுருண்டிருக்கும் தம்பியை வெளியே கூட்டி வருவது என் வேலை. அந்த வேலைக்கு யாரும் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. எங்கள் பெரியப்பா மகன் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தான். தம்பி அவனோடும் நன்றாகவே ஒட்டுவான். அவனை ஒருநாளும் வகுப்பிலிருந்து எழுப்பியதில்லை.

2007 இறுதியில் 'தாரே ஜமீன் பர்' வெளிவந்தபோது உறவினர்கள் எல்லோரும் அம்மாவுக்கு போன் செய்தார்கள். "நம்ம பிள்ளை கதைதான், கட்டாயம் பாரு." அது நம்ம பிள்ளை கதை இல்லை. படத்தின் இஷானுக்கு இருப்பது டிஸ்லெக்ஸியா, எழுத்தையும் எண்ணையும் வாசிப்பதில் வரும் சிக்கல். என் தம்பிக்கு ஆட்டிசம். ஐந்து வயதிலேயே பேப்பர் படிப்பான். ஆனாலும் போனோம். தியேட்டர் முழுக்க இஷானுக்காக அழுதது. நான் அவன் அண்ணன் யோஹானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யோஹான் நல்ல பையன். வகுப்பில் முதலிடம், டென்னிஸ் ஆடுவான், தம்பி பள்ளிக்கு மட்டம் போட்டபோது அவனுக்காக லீவ் லெட்டர்கூட எழுதித் தருகிறான். ஆனால் தம்பியின் துன்பம் அவனுடைய ஒரு பீரியடைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. இஷான் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறான், யோஹான் வீட்டில் இருந்து படிக்கிறான். இதைப் படத்தின் குறை என்று சொல்லமாட்டேன். மூத்தது ஆணாக இருந்தால் வீடு அப்படித்தான் நடக்கும். மூத்தது பெண்ணாக இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று படம் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

அம்மா மாயாவுக்குப் படம் தருவது கண்ணீர். பிள்ளையை விடுதியில் விட்டுவரும் இடத்தில் அம்மாவை நினைத்து உருகும் பாட்டு ஒலிக்கிறது. அவளால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. பிள்ளைக்கு என்ன என்பதைக் கண்டுபிடிப்பவர், அப்பாவிடம் வாதாடுபவர், கடைசியில் ஓவியப் போட்டி வைத்துப் பள்ளியையே மாற்றுபவர் எல்லாம் நிகும்ப் சார்தான். எட்டு வருடம் அந்தப் பிள்ளையோடு தினமும் வீட்டுப்பாடம் எழுதிய பெண்ணுக்குத் தெரியாதது, புதிதாக வந்த ஓவிய ஆசிரியருக்கு நோட்டைப் புரட்டியதும் தெரிந்துவிடுகிறது.

தமிழில் ஆட்டிசத்தை நேராகப் பேசிய படம் 2013இல் வந்த 'ஹரிதாஸ்'. ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கியது. மரியாதைக்குரிய முயற்சி, பிருத்விராஜ் தாஸ் என்ற சிறுவனின் நடிப்பில் கேலியோ மிகையோ இல்லை. ஆனால் இங்கே அம்மா அழுவதற்குக்கூட இல்லை, இறந்துவிட்டாள். போலீஸ்காரரான அப்பா பிள்ளையின் பின்னால் நடக்கிறார், ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறார், அவனை ஓடவைக்கிறார். கிஷோர் நடித்த அந்த அப்பாவை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் செய்வதையே ஒரு பெண் செய்தால் அது படமாகாது என்பதை எப்படி மறப்பது? ஆண் செய்யும்போது தியாகமாகத் தெரிவது, பெண் செய்யும்போது அன்றாட வேலையாகிவிடுகிறது. காலியான தாயின் இடத்துக்கும் ஒரு பெண்தான் வருகிறார், சினேகா நடித்த டீச்சர். அந்த இடம் காலியாக இருக்கக்கூடாது, ஆனால் கதை அதைப் பற்றியதாகவும் இருக்கக்கூடாது.

இரண்டு படங்களிலும் பிள்ளையைக் காப்பாற்றுவது திறமை. ஒருவன் வரைகிறான், ஒருவன் ஓடுகிறான். என் தம்பிக்கு ரயில் அட்டவணை மனப்பாடம். அதற்குப் போட்டியும் இல்லை, கோப்பையும் இல்லை. பரிசு வாங்கினால்தான் பிள்ளையை அடிக்காமல் விடுவார்கள் என்றால், பரிசு வாங்காத பிள்ளையை அடிப்பது சரிதானா?

அவனை என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும், படங்கள் இதில் அவசரப்படுகின்றன. அடி குறைவு. அடி தழும்பு விடும், பையன்களுக்கு அது தெரியும். அவன் சொன்னதைச் சொன்னபடி நம்புவான் என்று கண்டுபிடித்தார்கள். "ஹெச்.எம். உன்னை வெயில்ல நிக்கச் சொன்னாங்க" என்றால் மணி அடித்தும் நிற்பான். சத்தம் தாங்கமாட்டான் என்று கண்டுபிடித்தார்கள். பின்னால் வந்து டிபன் பாக்ஸ் மூடியைக் காதருகே தட்டுவார்கள். அவன் கத்துவான். டீச்சர் திரும்பும்போது ஒருவன் மட்டும் கத்திக்கொண்டிருப்பான், மற்றவர்கள் பாடம் எழுதிக்கொண்டிருப்பார்கள். டைரியில் சிவப்பு மையில் ஏறுவது அவன் பெயர். அந்த ஆண்டு முழுவதும் டைரியில் வேறு எவன் பெயரும் ஏறவில்லை.

ஒருநாள் ஒரு பெண்ணின் ரிப்பனைப் பிடித்து இழுத்துவிட்டான். "இழுத்தா எங்க டீம்ல சேர்த்துக்குறோம்" என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் தலை வலித்தது, வகுப்பே சிரித்தது. மறுநாள் ஹெச்.எம். அறையில் இரண்டு அம்மாக்கள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அந்த அம்மா சொன்னதில் தவறு எதுவும் இல்லை: "என் பொண்ணு மேல எவனும் கை வைக்கக் கூடாது." என் அம்மா தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். இழுக்கச் சொன்ன பையன்களின் அப்பா அம்மா யாரையும் கூப்பிடவில்லை. பள்ளி, பிள்ளையைக் காக்க வந்த இரண்டு பெண்களை மோதவிட்டுவிட்டு நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. பெண்ணியம் பேசும் எனக்கு இன்றும் சிக்கலாக இருப்பது இந்த இடம்தான். அந்தப் பெண்ணின் வலியைச் சிறிதாக்கி என் தம்பிக்கு நியாயம் கேட்கமாட்டேன். அவள் வலியையும் அவன் ஆசையையும் ஒன்றாகச் சேர்த்து வேடிக்கை பார்த்தவர்கள் யார் என்றுதான் கேட்பேன்.

"விளையாட்டுக்குப் பண்ணாங்க" என்றார் ஹெச்.எம். அது 1998. அந்த ஆண்டுதான் சென்னையில் தெருவில் இளைஞர்களின் துன்புறுத்தலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே முதலில் 'ஈவ் டீசிங்' இருந்தது. டீசிங் என்றால் கேலி, விளையாட்டு. பிறகு 'பெண்களைத் துன்புறுத்துதல்' என்று பெயரை மாற்றினார்கள். விளையாட்டு என்ற சொல் யாரைக் காப்பாற்றுகிறது என்பது பெண்களுக்குத் தெரியும். பள்ளி வளாகத்தில் அந்தச் சொல் இன்னும் மாறவில்லை.

அன்றைக்கு எங்கள் கையில் சட்டமும் இல்லை. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் கிடையாது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளைப் பட்டியலிட்டது. பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும் என்றது. பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. பத்து வயதுப் பையன்களைக் கோர்ட்டில் நிறுத்துவது என் ஆசையல்ல. ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஹெச்.எம். அறை வாசலில் இன்றும் காத்திருப்பது அம்மாதான்.

அம்மா மீது பழி விழுவது இங்கே தொடங்கியதல்ல. ஆட்டிசத்தை 1943இல் விவரித்த லியோ கானர் பெற்றோரிடம் கனிவு குறைவு என்று எழுதினார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் புத்தகமே போட்டார். 'ஃபிரிட்ஜ் அம்மா' என்ற பழி ஒரு தலைமுறைப் பெண்களைத் தின்றது. அதை உடைத்ததில் பெற்றோருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆட்டிசம் கொண்ட மகளின் தாயும் மனநல மருத்துவருமான லோர்னா விங் 1962இல் பிரிட்டனில் பிற பெற்றோரோடு சேர்ந்து சங்கம் கண்டார். டெல்லியில் 1991இல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பரூவாவும் ஒரு தாய். இந்தப் பெண்களில் ஒருத்திகூட நம் திரைக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் அறிவியல் தேவைப்படவில்லை. "நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட" என்ற அப்பாவின் ஒரு வரி போதுமானதாக இருந்தது. அம்மா டெலிபோன் அலுவலக வேலையை விட்டார். அப்பா பதவி உயர்வில் வெளியூர் போனார்.

நம் அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உள்ளவர்களை 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதியிருக்கிறார்கள். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தாமே ஆட்டிசம் கொண்டவர், 2012இல் வேறொன்றைச் சொன்னார்: புரியாமை இருபக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியாத அளவுக்கு மற்றவர்களுக்கும் அவரைப் புரிவதில்லை. டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டிய பையன்களைப் பற்றி நினைக்கும்போது, அடுத்தவர் வலி பற்றிய சிந்தனையற்றவர் யார் என்ற கேள்வி எனக்கு வரும்.

இதில் நானும் சுத்தமில்லை. மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990) படத்தில் மனவளர்ச்சி குன்றிய தங்கையால் அர்ஜுனுக்கும் அனுவுக்கும் வரும் அவமானத்தை நான் நன்றாக அறிவேன். அவர்களை உண்மையாகக் காட்டிய அந்தப் படம், கடைசியில் அஞ்சலியைச் சாகவைத்து எல்லோரையும் அழவிட்டு அனுப்பிவிடுகிறது. இறந்த தங்கையை நேசிப்பது எளிது. என் தம்பி உயிரோடு, மறுநாள் காலை அதே வேனில் ஏறினான். நான் அவனிடம் சொன்னேன்: "வேன்ல என்னை அக்கானு கூப்பிடாத." சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவன் அல்லவா? இரண்டு வருடம் கூப்பிடவில்லை. அந்தப் பையன்கள் கண்டுபிடித்ததையே நானும் பயன்படுத்தியிருந்தேன்.

ஆறாம் வகுப்பின் பாதியில் டி.சி. வாங்கிக்கொண்டோம். "அவனுக்கு ஏத்த இடமாப் பாருங்க" என்று அன்பாகத்தான் சொன்னார்கள்.

ஒரு படம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதில் பிள்ளைக்கு எந்தத் திறமையும் வேண்டாம், மீட்க வரும் சாரும் வேண்டாம். அம்மா உயிரோடு இருக்கட்டும், வேலைக்கும் போகட்டும். கேமரா, கத்துகிறவனை விட்டுவிட்டு, பாடம் எழுதுவதுபோல் குனிந்திருக்கும் பையன்களின் முகத்துக்குப் போகட்டும். பிறகு அவர்களின் அப்பாக்களைப் பள்ளிக்குக் கூப்பிடட்டும்.

இதை எழுதலாமா என்று தம்பியைக் கேட்டேன். எழுது, ஆனால் அவர்கள் வைத்த பட்டப்பெயரை எழுதாதே என்றான். எழுதவில்லை. பிறகு ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவின் வருகைப் பதிவேட்டை, நாற்பத்திரண்டு பெயரையும், வரிசை தப்பாமல் சொன்னான். மூடியைத் தட்டியவர்கள் எந்தெந்த எண் என்பதையும் சொன்னான். பள்ளியில் யாரும் அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.