நல்ல நோயாளியாக இல்லாதவள்

ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' (2012) நாவலை வாசித்தவர்கள் ஹேசலுக்காகவும் அகஸ்டஸுக்காகவும் கண்ணீர் விட்டிருப்பார்கள். அதே நாவலில் இறந்துபோன இன்னொரு இளம்பெண்ணும் இருக்கிறாள்: அகஸ்டஸின் முன்னாள் காதலி கரோலின் மாதர்ஸ். அவளுக்கு வந்தது மூளைக்கட்டி. அவளுக்காக நாம் அழுவதில்லை.

காரணம், கரோலின் 'நல்ல நோயாளி' அல்ல. கட்டி அவள் சுபாவத்தை மாற்றிவிடுகிறது. அகஸ்டஸ் இழந்த காலைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். சாகப்போகிறவளை எப்படி விட்டுப் பிரிவது என்று அவன் சகித்துக்கொள்கிறான். இவையெல்லாம் அவன் வாய்வழியாகவே நமக்குத் தெரியவருகின்றன. ஹேசல் இணையத்தில் அவளைத் தேடும்போது கிடைப்பவையோ வழக்கமான அஞ்சலி வாசகங்கள். ஒருபுறம் வீராங்கனை, மறுபுறம் கொடுமைக்காரி. நடுவில் இருந்த பெண்ணின் குரல் நாவலில் இல்லை. அந்த அஞ்சலிகளின் வெறுமையை ஹேசல் உணர்கிறாள் என்பது நாவலின் நேர்மை. ஜோஷ் பூன் இயக்கிய 2014ஆம் ஆண்டுத் திரைப்படமோ கரோலினை அடியோடு நீக்கிவிட்டது.

ஹேசலை உயிரோடு வைத்திருப்பது ஒரு கற்பனை மருந்து. பலருக்குப் பலிக்காத அது அவளுக்குப் பலிக்கிறது. எந்த உடலுக்கு எந்த மருந்து என்பதே இன்றைய மருத்துவத்தின் கேள்வியும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாடு, மூளைக்கட்டிகளை மரபணு மாற்றங்களையும் கொண்டு பிரிக்கிறது. ஐடிஎச் மரபணு மாற்றமுள்ள, மெதுவாக வளரும் சில கட்டிகளுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் 12 வயது முதலே தரக்கூடிய வோராசிடெனிப் மாத்திரையை 2024இல் அமெரிக்கா அனுமதித்தது.

இது பெரிய முன்னேற்றம். ஆனால் இங்கே வாசிக்கப்படுவது கட்டி. கட்டியைச் சுமப்பவள் அல்ல. மூளையின் முன்பகுதியில் வளரும் கட்டி நிதானத்தைக் குலைக்கக்கூடும். பதினாறு வயதுப் பெண்ணிடம் அந்த மாற்றம் தெரிந்தால் 'வயசுக் கோளாறு', 'திமிர்' என்ற சொற்கள் நம்மிடம் தயாராக இருக்கின்றன. கதிர்வீச்சு நினைவாற்றலைப் பாதிக்குமா, படிப்பைத் தொடர முடியுமா, பிற்காலத்தில் பிள்ளை வேண்டுமென்றால் சினைமுட்டைகளை இப்போதே சேமிக்க வேண்டுமா என்பவை அவளிடமே பேசவேண்டியவை. பெரும்பாலும் அவை பெற்றோரிடம் பேசப்படுகின்றன, அல்லது பேசப்படுவதே இல்லை.

நோயுற்ற பெண் பொறுமையாகவும் புன்னகையோடும் இருந்தால்தான் அவள் துயரம் நமக்குத் துயரமாகிறது. அந்த நிபந்தனையை நாவலும் திரைப்படமும் மட்டும் விதிக்கவில்லை. வாசகர்களாகிய நாமும் விதிக்கிறோம். 'ஆளுக்கேற்ற சிகிச்சை' என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால், கோபப்படுகிறவளும் அந்த 'ஆள்'தான் என்று ஏற்க வேண்டும். கரோலினின் பக்கத்திலிருந்து இந்தக் கதையை இன்னும் யாரேனும் எழுத வேண்டியிருக்கிறது.