பந்தை எடுத்துப் போடுகிறவன்

சினிமா ரசிகனைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. ரசிகர் மன்றம், கட்-அவுட், பாலாபிஷேகம், அங்கிருந்து கோட்டைக்குப் போன அரசியல் என்று நமது விமர்சகர்கள் எல்லாவற்றையும் அலசிவிட்டார்கள். விளையாட்டு ரசிகன் மட்டும் அகப்படவில்லை. அதிலும் சேரியில் நின்று கிரிக்கெட் பார்க்கிறவன் நமது எழுத்துக்குள் வந்தால் கெட்ட உதாரணமாகத்தான் வருகிறான். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வராமல் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவன் அவன். "அது பாப்பான் ஆட்டம், முதலாளி ஆட்டம். அதுல உனக்கென்னடா இருக்குது?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கேட்கிற தொனியிலேயே பதில் வேண்டாம் என்பதும் இருக்கிறது. நாம் பதிலைத் தேடிப் பார்ப்போம்.

முதலில் சந்தோசத்தைப் பேசிவிடலாம். அது பொய்யில்லை. ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, கல்லாவி பக்கத்துக் காலனிகளில் தண்ணீர் வற்றிய ஏரிதான் ஆடுகளம். ஆளுக்கு அஞ்சு பத்து போட்டு வாங்கிய பந்து, ஒட்டுப்போட்ட மட்டை. ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து இறங்குகிறவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தூங்குவதில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன் இருபது வருடத்து ஸ்கோரை விரல் நுனியில் வைத்திருக்கிறான். 2003 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 359 அடித்ததும், 2011 ஏப்ரல் 2 ராத்திரி கோப்பை வந்ததும் அவன் வாழ்க்கையின் தேதிகள். யார் நல்ல பந்துவீச்சாளன் என்று இரண்டு பேர் சண்டை போடும்போது கவனியுங்கள். ஆதாரம் காட்டுகிறான், எதிராளியின் ஆதாரத்தை மறுக்கிறான், 'அன்னைக்கு பிட்ச் எப்படி இருந்துச்சு' என்று சூழலைக் கேட்கிறான். நாம் இலக்கியத்துக்குச் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் விமர்சனத்தை அவன் டீக்கடையில் செய்துகொண்டிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்க விடாத ஒருவனுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை இங்கே கிடைக்கிறது. இதை வெறும் மயக்கம் என்று ஒதுக்க முடியாது.

இந்த ரசனைக்கு நம்மிடம் ஒரு முன்னோடியும் உண்டு. பால்வங்கர் பாலு, சாமர் சாதியில் பிறந்தவர். புனேயில் ஐரோப்பியர் கிளப்பில் தரையைச் சமன்படுத்தி, வலை கட்டும் வேலைக்குப் போனார். வெள்ளைக்காரர்களின் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்துவீசினார். அவர் கையில் மட்டையை மட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. இடக்கைச் சுழற்பந்து அங்கே பழகியதுதான். பிறகு புனேயின் இந்து அணிக்கு அவர் இல்லாமல் முடியவில்லை. மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். டீ இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் டீ. நமது டீக்கடைகளின் தனிக்குவளை அன்றே கிரிக்கெட்டுக்குள் இருந்திருக்கிறது.

1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்தவருக்கு பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு கொடுத்தார்கள். அதில் வாசித்த வாழ்த்து மடலை எழுதியவர் இளைஞர் அம்பேத்கர் என்று ராமச்சந்திர குகா தனது நூலில் எழுதுகிறார். கிரிக்கெட் நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு பந்துவீச்சாளனின் வெற்றி தன் மக்களின் வெற்றியாகத் தெரிந்த ஒரு ரசிகராக பாபாசாகேப் இருந்திருக்கிறார்.

ரசிகனின் கசப்பும் அதே கதையில் இருக்கிறது. பாலுவுக்கு இந்து அணியின் தலைமை கடைசிவரை கொடுக்கப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923இல், அதுவும் பெரிய போராட்டத்துக்குப் பின் கிடைத்தது. 1932இல் தனித்தொகுதிச் சண்டையில் பாலு காந்தி பக்கம் நின்றார். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் அவரையே அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. பாலு சுமார் 2,000 வாக்கில் தோற்றார். வாழ்த்து மடல் எழுதிய கை, அந்த வீரனையே எதிர்த்து ஓட்டுக் கேட்க வேண்டி வந்தது. நாம் நேசிக்கிற ஆட்டக்காரன் நம்முடைய அரசியலை ஆடுவான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ரசிகனாக இருப்பதில் இந்த ஏமாற்றம் தவிர்க்க முடியாதது. அதற்காக 114 விக்கெட்டும் இல்லை என்றாகிவிடாது.

இப்படி ஒரு மனிதர் இருந்த நாட்டில் சினிமா என்ன செய்தது? 2001இல் வந்த 'லகான்' 1893இல் நடப்பதாகக் கதை. பாலு புனேயில் பந்துவீசிக்கொண்டிருந்த காலம் அது. படத்தில் வரும் தீண்டப்படாதவனுக்குப் பெயர் கச்ரா, அதாவது குப்பை. பயிற்சி நடக்கும் இடத்துக்கு வெளியே ஒதுங்கி நிற்கிறான். உருண்டு வந்த பந்தை எடுத்துப் போடச் சொல்கிறார்கள். ஊனமான கையால் போடுகிறான், பந்து திரும்புகிறது. உடனே நாயகன் புவன் ஊராரிடம் தீண்டாமை பற்றிப் பிரசங்கம் செய்து அவனைச் சேர்த்துக்கொள்கிறான். கச்ரா வாய் திறந்து கேட்கவில்லை. பாலு வருடக்கணக்கில் உழைத்துக் கற்ற கலையை இந்தப் படம் ஒரு ஊனத்தின் தற்செயலாக மாற்றிவிட்டது. ஆட்டத்தில் கச்ரா ஹாட்ரிக் எடுக்கிறான். ஆனால் கடைசிப் பந்துக்கு மட்டையோடு நிற்கும்போது அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ரன், நோ-பால் தயவில் எதிர்முனைக்குப் போகிறான். சிக்ஸர் புவனுடையது. நம்ம பசங்களும் அன்றைக்கு விசிலடித்துத்தான் பார்த்தார்கள். விசிலடித்தது யாருக்கு என்று பின்னால்தான் கேட்டுக்கொண்டார்கள்.

தமிழில் நிலைமை இப்போது மாறியிருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த ஜெயக்குமாரின் 'ப்ளூ ஸ்டார்' அரக்கோணம் பக்கத்துக் காலனி அணியின் கதை. இங்கே நம்ம ஆள் பந்து எடுத்துப் போடுகிறவன் இல்லை. அணியே அவனுடையது, பெயரும் அவன் வைத்தது. காலனி அணியும் ஊர் அணியும் எதிரெதிரே நிற்கின்றன. நகரத்து மேட்டிமைக்காரர்கள் ஊர்க்காரனையும் கேவலப்படுத்தும்போதுதான் இரண்டும் சேர்கின்றன. இந்தச் சேர்க்கை அழகான ஆசை. ஆனால் தனக்கும் மேலே ஒருவன் மிதிக்கும்போது மட்டுமே ஊர்க்காரனுக்குக் காலனிக்காரனின் வலி புரிகிறது என்றால், மிதிபடாத நாட்களில் என்ன நடக்கும் என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. அதே வருடம் வந்த தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து' இந்த இடத்தில் இன்னும் கூர்மை. திறமை இருந்தும் சாதியால் ஊர் அணியில் நிரந்தர இடம் கிடைக்காமல், 'கெஸ்ட்' ஆட்டக்காரனாக அலைகிறவன் அதன் நாயகன். நமது ஊர்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஜெயிக்க வேண்டியிருந்தால் நம்மாளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கோப்பையை வைத்துப் போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் நிற்பான். பேனரில் பேர் இருக்காது.

படத்துக்கு வெளியே நிலவரம் இதைவிட மோசம். 2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டம் காகோஷி கிராமத்தில், பள்ளி மைதானத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த தலித் சிறுவன் ஒருவன் தன் பக்கம் வந்த பந்தை எடுத்தான். அதற்காகச் சாதி சொல்லி மிரட்டினார்கள். தட்டிக்கேட்ட குடும்பத்தில் ஒருவரின் கட்டைவிரலை அன்று மாலையே வெட்டினார்கள். ஏகலைவனை இனிப் புராணம் என்று சொல்லாதீர்கள். லகானில் பந்தை எடுத்துப் போட்டவனுக்கு அணியில் இடம் கிடைத்தது. நிஜத்தில் விரல் போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 2021 ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். நாலே நாளில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. ஹரித்துவார் அருகே அவர் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று பேசியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். தன் நாடு தோற்றதைக் கொண்டாடும் அளவுக்கு அங்கே சாதி பெரிதாக இருந்திருக்கிறது. நாம் நீல ஜெர்சியைப் பார்த்து 'நம்ம டீம்' என்று கத்தும்போது அந்த 'நம்ம'வுக்குள் நாம் இருக்கிறோமா என்ற சந்தேகம் இங்கிருந்துதான் வருகிறது.

சாதி பேசாத இடத்திலும் ரசிகனின் உயிர் மலிவுதான். நமது எல்லைப் பகுதியில் பாதிப்பேர் சென்னை, பாதிப்பேர் பெங்களூரு. காவிரிப் பிரச்சினையில் பஸ் நின்றாலும் இந்தப் பிரிவினை அண்ணன் தம்பிக்குள் கேலியாகவே இருந்து வருகிறது. 2008 முதல் காத்திருந்த பெங்களூரு அணி 2025 ஜூன் 3 அன்று கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி மைதானத்து வாசலில் நெரிசலில் 11 பேர் செத்தார்கள். பதினெட்டு வருசம் காத்திருந்தவர்களுக்கு வாசல் கதவுகூடச் சரியாகத் திறக்கப்படவில்லை. அணி முதலாளியுடையது, மைதானம் சங்கத்துடையது, டிவி கம்பெனியுடையது. கத்துகிற தொண்டை மட்டும்தான் ரசிகனுடையது.

பிறகும் ஏன் பார்க்கிறோம்? சேலம் சின்னப்பம்பட்டியில் விசைத்தறிக் கூலி வீட்டில் பிறந்த நடராஜன் 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். வலைப்பயிற்சிக்குப் பந்துவீசத்தான் கூட்டிப்போனார்கள். பாலு நின்ற அதே இடத்தில் தொடங்கி பிரிஸ்பேன் டெஸ்ட்டில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். அன்று நம்ம பக்கத்துப் பசங்க விடியற்காலையில் எழுந்து பார்த்தார்கள். ஏரியில் ஆடியவன் பந்து அங்கேயும் எகிறுது என்பதைக் கண்ணால் பார்ப்பது சின்ன விசயம் இல்லை. தோழர்களின் கேள்விக்கு என் பதில் இதுதான்: நமக்கு அதில் உரிமை இருக்கிறது, அது பாக்கியில் நிற்கிறது.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். அம்பேத்கர் பெயரில் அணி நடத்தாத காலனி நம் பக்கத்தில் குறைவு. யார் ஆடினார்கள், எந்த டோர்னமெண்டில் சேர்க்க மறுத்தார்கள், யார் 'கெஸ்ட்'டாகப் போய் ஜெயித்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் பழைய ஸ்கோர் நோட்டுகளிலும் வயசானவர்களின் ஞாபகத்திலும் கிடக்கிறது. மாணவர்களே, லீவுக்கு ஊருக்குப் போகும்போது போய்க் கேளுங்கள். எழுதி அனுப்புங்கள். பாலுவைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள 2002இல் குகாவின் புத்தகம் வர வேண்டியிருந்தது. நம்ம ஊர் பாலுக்களை அவ்வளவு நாள் காக்க வைக்க வேண்டாம்.