எதிரெதிரே திறக்கும் கதவுகள்

1961 லிங்கன் கான்டினென்டல் கார் ஒன்று நல்ல நிலையில் விற்பனைக்கு வந்திருந்தால், விலை கேட்பதற்கு முன் அதன் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை தடையின்றி ஓடும் ஒரே கோடு, அதன் விளிம்பில் மெல்லிய குரோமியப் பட்டை. முந்தைய ஆண்டின் பருத்த லிங்கனைவிட ஓரடிக்கும் மேல் நீளம் குறைவு; ஆனாலும் கம்பீரம் கூடியது.

வடிவமைப்பாளர் எல்வுட் எங்கெலின் குழு இதை முதலில் ஃபோர்டு தண்டர்பேர்டுக்காகத்தான் வடிவமைத்தது. அதைப் பார்த்த ஃபோர்டு நிர்வாகி ராபர்ட் மெக்நமாரா, நான்கு கதவு லிங்கனாக மாற்றச் சொன்னார். பின்கதவின் கீல் பின்புறம் இருப்பதால் இரு கதவுகளும் எதிரெதிரே அகலத் திறக்கும். இறங்குபவரின் கால் கதவில் இடிக்காது.

திறந்த கூரை வகைதான் உண்மையான அதிசயம். பொத்தானை அழுத்தினால் டிக்கி மூடி பின்னோக்கி எழும்பும்; கூரை மடிந்து உள்ளே மறையும். மின்மோட்டார்கள், ஹைட்ராலிக் பம்புகள், ரிலேக்கள் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்று இயங்கினால்தான் இது நடக்கும். அறுபதாண்டு கழித்தும் தயங்காமல் மடியும் கூரை, முந்தைய உரிமையாளரின் அக்கறைக்குச் சான்று.

அன்று ஒவ்வொரு காரையும் 12 மைல் சாலையில் ஓட்டிப் பார்த்தே அனுப்பினார்கள். 24,000 மைல் அல்லது இரண்டு ஆண்டு உத்தரவாதமும் தந்தார்கள். இன்று வாங்குபவர் குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பது நல்லது. தனிச் சட்டகம் இல்லாத உடல் இது. துரு பிடித்தால் காரின் முதுகெலும்பே போய்விடும்.